கிண்ணியா 120, 340

துறைமுக வீதியில் மாடியிலிருந்த ஒரு கணினிக் கடையில் இரண்டு பேர்தான் வேலை. ஒருத்தி நான். மற்றவர் கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் ஒருவர். என்னை விட மூத்தவர் என்பதால், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிடுவேன். சாமான் மொத்த வியாபாரி ஒருவருக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். திரையில் ஊர்ப் பெயர்கள் பட்டன்களாக இருக்கும்; ஒன்றை அமத்தினால் அந்த ஊர்க் கடைக்காரர்களின் பெயர்கள் வரும். பட்டன்களை நான்தான் மவுசால் இழுத்து வைத்தேன். உப்புவெளி மேலே, கிண்ணியா கீழே இடப்பக்கம், மூதூர் வலப்பக்கம். ஊர்கள் இருக்கிற மாதிரியே. வியாபாரி தேடி மினக்கெடமாட்டார் என்று எனக்குப் பெருமை வேறு.

இழுத்து வைக்க வைக்க, அந்த மென்பொருள் கருவி தானாகவே நிரலுக்குள் எண் எழுதிவிடும்: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று. நானாவுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது.

"தங்கச்சி, ஆணி அடிச்ச மாதிரி எண்ணுல வைக்காதீங்க. ஒரு பெட்டி செஞ்சு, ஒன்டுக்குக் கீழ ஒன்டா அடுக்கச் சொல்லுங்க. இடத்தை அது பாத்துக்கொள்ளும். திரை பெரிசானா உங்கட பட்டன் எல்லாம் மூலைக்குள்ளதான் கிடக்கும்."

"கிடக்கட்டும் நானா. அடுக்கிறதுக்கு இதென்ன குசினி அலுமாரியா?" என்பேன். அப்போது எனக்கு வாய் நீளம்.

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம். அதனால் நிரலை அச்செடுத்து, வீட்டில் வைத்துப் பிழை பார்ப்பேன். அன்று மத்தியானமே கரண்ட் போனது. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு உப்புவெளிக்கு பஸ் ஏறினேன். வழியில் நேவியின் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கவேண்டும். என் பையைத் திறந்த நேவிக்காரன் தாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

கிண்ணியா 120, 340. மூதூர் 460, 360. உப்புவெளி 300, 40.

இந்த ஊர்களுக்கு நடுவிலுள்ள குடாக்கடலுக்கு மேலால் ஷெல் போய் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஊர்ப் பெயர், பக்கத்தில் எண். அவனுடைய கண்ணுக்கு அது ஷெல் விழவேண்டிய இடங்களின் கணக்கு.

அவர்களில் பெரியவன் ஒருவன் வந்தான். தமிழ் கொஞ்சம் தெரிந்தவன்.

"இது என்ன நம்பர்?"

"பட்டன் சேர். கம்பியூட்டர்ல வாற பட்டன்."

"அமத்தினா என்ன நடக்கும்?"

"ஆக்களின்ட பேர் வரும்" என்றேன். வாயை விட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

பஸ் போய்விட்டது. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்படி ஏறியவர்களில் திரும்பி வந்தவர் யார் யார் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. கடைக்குத்தான் போகிறோம், செய்து காட்டச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தபோதும் நிம்மதி வரவில்லை. அங்கே நானா இருப்பார்; அவரும் மாட்டிக்கொள்வார்.

கரண்ட் வந்திருந்தது. எங்களைக் கண்டதும் நானா கதிரையை விட்டெழுந்து சுவரோடு சேர்ந்து நின்றார். நான் நிரலைத் திறந்தேன். பெரியவன் குனிந்து, பட்டன்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தான்.

"இது கடல்" என்றான்.

ஓம் என்பதா, இல்லை என்பதா? கிண்ணியாவைப் பிடித்து இழுத்து உப்புவெளிக்கு மேலே வைத்தேன். நிரலைக் காட்டினேன். எண் மாறியிருந்தது. இன்னொருமுறை செய்யச் சொன்னான். மூதூரைத் தூக்கி நடுக்கடலில் போட்டேன். அந்த எண்ணும் மாறியது. தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்ததைத் தாளின் மூலையில் எழுதிக்கொண்டு, அட்டையை மட்டும் திருப்பித் தந்தான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

"நான் சொன்னனான்தானே" என்று நானா சொல்லுவார் எனக் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என் கதிரையில் அமர்ந்து, பட்டன்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

"அட்டையில எந்த விலாசம்?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உப்புவெளி வீடுதான்."

"இன்டைக்கு அங்க படுக்காதீங்க, ராவைக்குத் தேடி வந்தாலும் வருவாங்க. எங்கட வீட்ட வாங்க. உம்மா இருக்கா."

"அம்மா தனிய, நானா."

"அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கிண்ணியாப் படகு போக இன்னும் நேரம் இருக்கு."

ஓம் என்று சொல்லிப் பையை எடுத்தேன். உப்புவெளிக்குப் போக அந்தச் சாவடியைத் தவிர வேறு வழி இல்லை.