பேதி உப்பும் செத்த கடலும்

லண்டனில் உப்பை மருந்துக்கடையில், சவர்க்காரத்துக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். வந்து சில வருடங்களாகியும் நான் அதைக் கவனித்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவி மலருக்கு முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் கவனித்தேன். அப்போது லண்டனின் ஓரத்தில், செவன் கிங்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். மலர் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஈரப் படுக்கை விரிப்புகளை அள்ளிப் போடும் வேலை செய்தாள். ஊரில் அவளுடைய அக்கா குடும்பம் உலை வைத்தது அந்தச் சம்பளத்தில்தான். முதுகு இன்னும் மோசமானால் வேலை போய்விடும், பிறகு அங்கே அடுப்பும் எரியாது. ஆகவே டொக்டர் சொன்ன வைத்தியத்தை ஊரில் இருந்து வாசிப்பவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். சுடுதண்ணீர்த் தொட்டியில் எப்சம் உப்பைக் கரைத்து, அதற்குள் சும்மா கிடக்கட்டும் என்றார்.

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் ஒரு வாளியும் ஒரு பேணியும் இருந்தன. வாளியில் தண்ணீர் பிடித்து, தொட்டிக்குள் நின்று அள்ளி வார்ப்போம். தன் ஊத்தை ஊறிய தண்ணீருக்குள் ஆள் கிடப்பதை இந்த நாட்டில் குளிப்பு என்கிறார்கள். அதுவே எங்களுக்குப் பிடிபடவில்லை, இதில் உப்பு வேறு. எப்சம் உப்பு எனக்குப் பழைய எதிரி. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அப்பா அதைக் கரைத்துக் கொடுத்து எங்கள் வயிற்றைக் கழுவுவார். பக்கற்றைப் பார்த்ததும் மலருக்கும் அதே ஞாபகம்தான்.

"இது பேதி உப்பெல்லோ?"

"குடிக்கிறேல்லை. நீர் அதுக்குள்ளை இறங்கி இருக்கவேணும்."

"உப்பெண்டால் உப்புத்தானே. சோத்திலை போடுறதைக் காலாலை மிதிக்கச் சொல்லுறியளோ?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அக்கா கடல்தண்ணியைக் காய்ச்சி உப்பெடுக்கிறா. நான் இஞ்சை பக்கற்றுப் பக்கற்றாக் கொட்டிப்போட்டுக் கிடக்கிறதோ?" என்றாள்.

அக்காவின் கணவர் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் அங்கே போனபோது, வெயிலில் கண் கூசும்படி உப்புக் குவியல்கள் கிடந்தன. "வேண்டிய மட்டும் அள்ளுங்கோ" என்று ஒரு சாக்கை நீட்டினார். சண்டை வந்தபின் உப்பளமும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை, அரசாங்கம் சாமான்களைத் தடுத்ததால் கடைகளில் உப்பும் இல்லை.

உப்பை வீணாக்க மனமில்லாமல் நானே இறங்கிப் பார்த்தேன். பெற்றோல் நிலையத்தில் நின்றே வேலை செய்யும் கால்கள் என்னுடையவை. எப்சம் உப்பு சத்தமில்லாமல் கரைந்தது, மணமில்லை, தண்ணீர் மட்டும் கொஞ்சம் வழுவழுத்தது. எழும்பும்போது கால் உளைச்சல் பாதி போயிருந்தது. அடுத்தது, நத்தார்ப் பண்டிகைக்கு வேலையிடத்தில் கிடைத்த ஊதா நிற லாவெண்டர் உப்பு. வாசம்தான், வேறொன்றுமில்லை. தொட்டியைச் சுற்றி ஊதாக் கறை பிடித்ததும், அடுத்த நாள் ஷிப்டில் எல்லோரும் என்னை முகர்ந்து பார்த்ததும்தான் கண்ட பலன்.

மூன்றாவது உப்பைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ஐரீன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே வெள்ளைக்காரி. முதுகுக்கு நல்லது என்று, 'டெட் சீ' என்கிற செத்த கடலின் உப்பு ஒரு போத்தல் நிறைய வாங்கி மதிலுக்கு மேலால் நீட்டினார். மலர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நோ, நோ, புட் இட் டவுன்" என்று மதிலைக் காட்டினாள். ஐரீனின் முகம் சிவந்தது. போத்தலை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனவர், பிறகு மலரைக் கண்டாலும் காணாத மாதிரித் திரிந்தார். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது எங்கள் வழக்கம். வாங்காததால் சண்டை வந்தது இந்த ஒரு முறைதான்.

மலர் மூலையில் இருந்து அழுதாள். முதுகு வலியைவிட இது அவளுக்குப் பெரிய வலி. கடைசியில் நான் போய் ஐரீனின் கதவைத் தட்டி விளக்கம் சொன்னேன்.

"இவ்வளவுதானா? என் கை அழுக்கென்று நினைக்கிறாளோ என்றல்லவா இருந்தேன்!" என்றார் ஐரீன். "உப்புச் சிந்தினால் இடது தோளுக்கு மேலால் ஒரு சிட்டிகை எறியாமல் எனக்கு நித்திரை வராது. அவள் சொல்லியிருக்கலாமே."

உடனே எங்கள் வீட்டுக்கு வந்து, போத்தலைத் திறந்து மேசையில் வைத்து, நாக்கில் வைத்துப் பார் என்று மலருக்குச் சைகை காட்டினார். மலர் ஒரு கல்லை வாயில் போட்டாள், அடுத்த கணம் ஓடிப்போய்த் துப்பினாள். அப்படியொரு கசப்பு.

"இது கறிக்கு ஆகாதெல்லோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆகாது. மற்றப் பேதி உப்பும் ஆகாது."

"அப்ப காலை வைக்கலாம்."

செத்த கடல் உப்பு சலவையில் வெடித்த விரல்களில் எரிந்தது. எப்சம் உப்பு எரியவில்லை, விலையும் மலிவு, அதனால் அதுவே வீட்டில் நிலைத்தது. ஊறி முடிந்ததும், கடலில் குளித்தவர்கள் நல்ல தண்ணீர் வார்ப்பது போல மலர் வாளித் தண்ணீரை வார்த்துக்கொள்வாள். அப்படிச் செய்யக்கூடாது என்று ஐரீன் தலையில் அடித்துக்கொள்வார். சில வாரங்களில் முதுகு இளகியது, வேலையும் தப்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தொட்டிக்குள் இருக்கும்போது கொழும்பிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தா. ஏதோ அலுவலாக அங்கே வந்திருந்தா. மலர் தண்ணீர் வார்க்காமல் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"கொண்டுபோக ரெண்டு கிலோ உப்பு வாங்கி வைச்சிருக்கிறன். ஆமிச் சென்றியிலை பறிக்காமல் விடுவாங்களோ தெரியேல்லை. உனக்கு முதுகு எப்பிடியடி?"

"இப்ப சுகமக்கா."

"என்ன மருந்து போட்டனி?"

மலர் என்னைப் பார்த்தாள்.

"மருந்தொண்டும் இல்லையக்கா. வெறும் சுடுதண்ணி."

தொலைபேசியைப் பிடித்திருந்த அவளுடைய மணிக்கட்டில் தண்ணீர் காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. நான் தொட்டியைத் திறந்துவிடப் போனேன்.

"இஞ்சாருங்கோ, அந்தத் தண்ணியை விடாதேங்கோ. இஞ்சை உப்பை ஓடவிட்டால் அங்கை அது பறிபோயிடும். அக்கா உப்போடை வீட்டை போய்ச் சேரட்டும்."

அக்கா போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை தொட்டி நிறைந்தே கிடந்தது. நாங்கள் இருவரும் ஐரீனின் வீட்டுக்கு வாளியும் பேணியும் கொண்டுபோய்க் குளித்தோம்.