ஏழாவது கையெழுத்து என்னுடையது

1. எந்தப் பக்கம் நடப்பது?

பெரம்பலூர் பக்கம் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன், வம்பு எதற்கு.

கருவேலம் மண்டிக் கிடந்த எங்கள் ஏரிக்கரையில் மேம்பாட்டு வேலை நடந்தது. பேவர் பிளாக் பாதையும் கம்பித் தடுப்பும் வந்தன. உட்காரும் பெஞ்சு மட்டும் டெண்டரில் நின்றுவிட்டது. கரையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கென ஒரு ஏரியா சபை அமைத்தார்கள். கவுன்சிலர் தலைவர், தெருவுக்கு ஒருவர் உறுப்பினர். "ஒங்களுக்குத்தான் வாய் இருக்கே, நீங்களே செயலாளரா இருங்கம்மா" என்று செயல் அலுவலர், எங்கள் ஈ.ஓ. சார், என் தலையில் கட்டினார்.

முதல் கூட்டத்தில் குடிநீரைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஏரியை வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

"சிறுவாச்சூர் ஆத்தா கோயில்ல எடமாவா சுத்துறோம்?" என்றார் ஒருவர்.

"வலமா வந்தா வெயிலு கண்ணுல குத்துது. ஆத்தாவா வந்து கொட புடிப்பா?" என்றார் இன்னொருவர்.

அவரவர் இஷ்டம் என்று தீர்மானம் எழுதினேன். முட்டிக்கொண்டால் சபை பொறுப்பல்ல என்றும் சேர்த்துக்கொண்டேன்.

2. எண்ணெய்க் கறையோடு வந்த மனு

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தைய நாள் வைத்தியலிங்கம் சார் ஒரு மனு கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், நடைப்பயிற்சிக்காரர்களுக்கெல்லாம் தலைவர். நாற்பத்தொரு கையெழுத்து. முதல் பக்கத்தில் மூன்று கோரிக்கைகள்: விளக்கு, பெஞ்சு, நாய்த் தொல்லை. அதற்குக் கீழேயே நெருக்கமாகக் கையெழுத்துகள். திருப்பினால் நான்காவது: பாதை ஓரத்து வடைக் கடையை உடனே அகற்ற வேண்டும்.

அது ஆரோக்கியமேரி அக்காவின் கடை. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கணவர் இல்லை. கருவேலங்காடாக இருந்த நாளிலிருந்து அங்கேதான் அடுப்பு. குடும்பத்துக்கு அந்த அடுப்புதான் கதி. சபை பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் கடை போய்விடும்.

மனுவில் அங்கங்கே எண்ணெய்க் கறை. கரையில் உட்கார வேறு இடமில்லாததால் எல்லாரும் அக்கா கடைப் பலகையில் அமர்ந்து, வடையும் கையுமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவது கையெழுத்து என்னுடையது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தைத் திருப்பவில்லை. விளக்கு என்று படித்தேன், வலது கையில் சட்னி, இடது கையால் கிறுக்கிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. பன்னிரண்டாவது கையெழுத்து, கொட்டை எழுத்தில், ம. ஆரோக்கியமேரி.

3. கூட்டம்

விளக்கு வருமா என்று கேட்க அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிழித்துப் போட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. பிறகு எழுந்து மனுவை முழுதாக, பெயர்களோடு வாசித்தேன். ஏழாவதாக என் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். பன்னிரண்டாவது பெயரில் சிரிப்பு நின்றது.

அக்கா எழுந்தார். "விடியக்காலையில மாவுத் தூக்கோட இருட்டுல வரேன், லைட்டு வரட்டும்னுதான் சார் போட்டேன். எம் பலகையில ஒக்காந்து, எங்கிட்டயே பேனா வாங்கி, என்னையத் தூக்கச் சொல்லி எழுதிருக்கீங்களே!"

வெட்கமாக இருந்தது. தப்புச் செய்துவிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் செயலாளராக நிற்பது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானும் திருப்பிப் பாக்கலங்க" என்று ஒரு குரல் வந்தது. பிறகு வரிசையாக எல்லாரும் அதையே சொன்னார்கள்.

வைத்தியலிங்கம் சார் தலையைக் குனிந்துகொண்டார். "சுகர் முந்நூறத் தாண்டிருச்சு மேடம். கடையப் பாத்தா கால் நிக்கிது. என்னால முடியல."

மூன்றாம் தெரு உறுப்பினர் அவருடைய மனைவிதான். "ஒங்க வாயக் கட்ட முடியலன்னா அந்தப் பொம்பளயோட அடுப்பயா அணைக்கணும்? எடமா சுத்துங்க, கடைக்கு முன்னாடியே திரும்பி வூட்டுக்கு வந்துருங்க!" என்றார்.

நான்காவது கோரிக்கை கைவிடப்பட்டது. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் கடை மூன்றடி தள்ளி இருக்கலாம் என்று தீர்மானம் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்துக்குப் புத்தகத்தை அனுப்பினேன். எல்லாரும் நின்றபடியே போட்டார்கள்.

அக்காவிடம் போனதும் புத்தகம் நின்றுவிட்டது. மடியில் வைத்து, விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கவுன்சிலர் வாட்சைப் பார்த்தார். காத்திருந்தோம்.

படித்து முடித்து நிமிர்ந்தார். "மூணடி தள்ளின்னு போட்டுருக்கீங்க மேடம். எந்தப் பக்கம்னு போடலயே. ஏரிக்குள்ளயா?"

பேனாவை வாங்கி, தெருப் பக்கம் என்று சேர்த்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ தீர்மானங்கள் எழுதியிருக்கிறேன். முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் என் சர்வீஸில் அவர் ஒருவர்தான். ஏரியா சபை எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் புத்தகத்தைக் கொடுங்கள். படித்து முடிக்கும் வரை காத்திருங்கள்.