மஞ்சள் பல்புக்கு நிறம் மாறும் கல்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மஞ்சள் பல்பு இருக்கிறது. கண்ணாடிக்குள் கம்பி சூடேறி எரியுமே, அந்த வகை. பக்கத்தில் ஒரு மோதிரம். பகலில் அதன் கல் மழை வரப்போகிற வானம்போலச் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். ஷா ஆலமில் நான் தனியாக இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டில் எல்லா விளக்கும் வெள்ளை எல்இடி. அந்த வெளிச்சத்தில் இந்தக் கல் காலையிலும் மாலையிலும் ஒரே நிறம்தான். அது மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த பல்பைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டுமே மாமாவுடையவை. என் அம்மாவின் அண்ணன். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. அத்தை இறந்த பிறகு அவருடைய மோதிரத்தை மாமா தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். கல்யாணமான பத்தாம் வருடம், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கி அத்தைக்குப் போட்ட மோதிரம் அது. பூமியிலிருந்து எடுத்த அசல் அலெக்சாண்ட்ரைட் என்று சொல்லி விற்றாராம். அந்தப் பெயர் மாமாவின் வாயில் நுழையாது. அலெக்சாண்டர் கல்லு என்பார். அத்தை சர்ச்சில் யாரைப் பார்த்தாலும் கையை நீட்டிக் காட்டுவார். வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது என்று சேர்த்துச் சொல்வார்.

மாலை ஏழு மணி ஆனால் மாமா கூடத்து டியூப் லைட்டை அணைப்பார். மாதா சொரூபத்தின் முன்னால் ஒரு மஞ்சள் பல்பு மட்டும் எரியும். அதன் பக்கத்தில் அத்தையின் படம். அவர் செபமாலையை உருட்ட உருட்ட, விரலில் இருந்த கல் நீலத்தை விட்டுக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். மாமா படத்தை நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா?" என்பார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. சில நாள் அவர் வாய் திறந்து பேசுவதே அந்த ஒரு வார்த்தைதான் என்று பிறகுதான் தெரிந்தது. கடைகளில் அந்த வகை பல்பு அருகத் தொடங்கியபோது, கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் வரை போய், ஒரு பழைய மின்சாமான் கடையில் மிச்சமிருந்ததை அட்டைப்பெட்டியோடு அள்ளி வந்தார்.

நான் கற்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் எழுதும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சோதிக்கச் சொல்லி ஒருவர் கையில் கொடுக்காத கல்லைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது. கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கழுத்தில் என்ன தொங்கினாலும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். மாமாவின் கல் மேல் எனக்கு வேலைக்குச் சேர்ந்த வருடமே சந்தேகம் இருந்தது. அசல் என்றால் பகலில் பச்சை தெரியும், பல்பு வெளிச்சத்தில் சிவக்கும். நீலத்திலிருந்து கத்தரிப்பூ நிறம் என்றால் பெரும்பாலும் தொழிற்சாலையில் உருக்கிச் செய்தது. பல வருடம் பேசாமல்தான் இருந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மேலாளரை மாமா வீட்டு விருந்துக்கு அழைத்துப் போனேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. டியூப் லைட்டை அணைத்து, கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்க பாஸ், அலெக்சாண்டர் கல்லு. ஒரிஜினல்லா, டூப்ளிகேட் இல்ல" என்றார். மேலாளர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். எனக்குத்தான் மானம் போனதுபோல் இருந்தது. "மாமா, இது ஃபேக்டரியில செஞ்ச கல்லு. எல்லார்கிட்டயும் ஒரிஜினல்னு சொல்லாதீங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மாமா கையை மடக்கிக்கொண்டார். "அப்படியாம்மா" என்றார். திரும்பி வரும்போது காரில் மேலாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரு உன்னை டெஸ்ட் பண்ணச் சொன்னாரா?"

அடுத்த வாரம் மாமா நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. மோதிரத்தைக் கழற்றி, "இப்ப நானே கொடுக்குறேன், பாரும்மா" என்றார். நுண்ணோக்கியில் வைத்தேன். கல்லுக்குள்ளே கோடுகள் இசைத்தட்டில் இருப்பவைபோல வளைந்து வளைந்து போயின. பூமியில் விளைந்த கல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் அப்படி வளையாது. அவரையும் பார்க்க வைத்தேன். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கேட்டார்:

"உங்க அத்தைக்கு இது தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சா என்னை என்னான்னு நெனச்சிருப்பா? அது இந்த மிஷின்ல தெரியாதுல்ல?"

"தெரியல மாமா" என்றேன். அது உண்மைதான். சான்றிதழில் எழுதும் உண்மை. அந்த மனிதருக்கு அது எந்த உபயோகமும் இல்லாதது. இத்தனை வருடம் மனைவியை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். நான் அடுத்த கல்லை எடுத்தேன்.

மறுமுறை போனபோது மாதா முன்னால் வெள்ளை எல்இடி எரிந்தது. விரல் வெறுமையாக இருந்தது. "இந்த லைட்டு சூடு இல்லலா" என்றார், நான் கேட்காமலே. செபம் முடிந்தும் படத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவரோ மைலோ கலக்கிக் கொடுத்தார், வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். எனக்கு அந்த வெள்ளை வெளிச்சத்தில் உட்கார முடியவில்லை. போவதைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் மாமா போய்விட்டார். வீட்டைக் காலி செய்யும்போது அந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. ஒரே ஒரு பல்புதான் மிச்சம். மற்றவற்றை என்ன செய்தாரோ தெரியாது. அந்த பல்பைச் சுற்றியிருந்த காகிதத்துக்குள் மோதிரம் இருந்தது.

இதற்கென்றே ஒரு சின்ன மேசை விளக்கு வாங்கினேன். சில நாள் மாலை ஏழு மணிக்கு வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு அதை எரியவிடுகிறேன். கல் மெல்ல நீலத்தை விடுகிறது. நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போது எனக்குத் தெரியும். "தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பாங்க மாமா" என்று அந்தக் கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு பல்பை அணைத்துவிடுகிறேன். இதுவும் போய்விட்டால் என்னிடம் வேறு இல்லை.