கோபி கூட்டி வைத்த ஆக்சிஜன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தையல் மிஷினில் குனிந்து கிடந்தவள் கிறிஸ்டினா. முதுகு ஒத்துழைக்க மறுத்ததும், வேலூரில் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வீடுகளுக்குப் போய் வேலை செய்ய ஆரம்பித்தாள். படுக்கையில் கிடப்பவர்களிடம் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. படுக்கையைச் சுற்றி நிற்கிற அறிவாளிகளைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது.

அந்த வகையில் கோபியை மிஞ்ச ஆளில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர். செல்போனில் வீடியோ பார்த்தே வைத்தியம் முழுக்கக் கற்றுவிட்டதாக நினைப்பு. அவன் மாமனார் ஆதிகேசவன் தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருடம் சாயம் ஸ்பிரே அடித்தவர், பீடியையும் விடாதவர். நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் கருவி தொண்ணூறு காட்டினால் போதும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது.

தொண்ணூறு என்பது கோபிக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை கிறிஸ்டினா வேலைக்கு வந்தபோது அவன் கூடத்தில் சிரித்துக்கொண்டு நின்றான்.

"மாமாவுக்கு இப்ப தொண்ணூத்தெட்டு, நர்சம்மா! விடியக்காலம் தல வலிக்குதுன்னாரு. நான்தான் மிஷின அஞ்சு லிட்டர் வெச்சேன். இன்னா நிம்மதியா தூங்கறாரு பாரு!"

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். பெரியவரின் முகம் சிவந்திருந்தது. கைகள் சூடாக இருந்தன. தோளை உலுக்கியதும் பாதிக் கண்ணைத் திறந்து ஏதோ குழறினார். கையை நீட்டச் சொன்னாள். விரல்கள் சிறகு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டு தொய்ந்து விழுந்தன.

உடனே மிஷினை ஒரு லிட்டருக்கு இறக்கினாள். அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். கருவியில் எண் மெல்ல இறங்குவதைப் பார்த்து கோபி கத்தினான்.

"இன்னாம்மா பண்ற? கொல்லப் பாக்கறியா?"

"அது நீங்க ஆரம்பிச்சு வெச்ச வேல சார். கொஞ்சம் நகருங்க," என்றாள். பிறகு அவன் மனைவியைப் பார்த்து, "சாவித்திரி, நூத்தியெட்டுக்கு போன் போடும்மா," என்றாள்.

எண் தொண்ணூறில் நின்றது. ஆம்புலன்சில் வேலூர் போகும் வழியெல்லாம் அவள் பெரியவரைத் தட்டித் தட்டிப் பேச வைத்துக்கொண்டே போனாள். முன்சீட்டில் கோபி யாருக்கோ போன் செய்து, நர்சு செய்த தப்பைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் ரோஷினி, சின்ன வயதுக்காரர், கோபியை நிற்க வைத்துப் பேசினார்.

"இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்சிஜன அளவுக்கு மேல குடுத்தா, கார்பன் டை ஆக்சைடு வெளிய போவாம ரத்தத்துலயே தங்கிடும். அது ஏற ஏற மூளையில இருக்கற ரத்தக் குழாய்ங்க விரியும். ரத்தம் ஜாஸ்தியா பாயும். மண்டை ஓடு விரியாதுல்ல? உள்ள அழுத்தம் ஏறும். தலைவலி ஜாஸ்தியாகும். ரொம்ப ஏறிட்டா ஆளே மயங்கிடுவாரு. விரல்ல மாட்டற கருவிக்கு இதெல்லாம் தெரியாது."

கோபி யோசித்தான். யோசிப்பது அவனுக்குக் கஷ்டமான காரியம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூளைக்கு ரத்தம் ஜாஸ்தி போனா நல்லதுதானே டாக்டர்?"

டாக்டர் வார்டுக்குள் போய்விட்டார். கிறிஸ்டினா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மண்டைக்குள் ஒரு ஆற்றையே திருப்பி விட்டாலும் ஒரு புல்கூட முளைக்காது என்று தோன்றியது.

முகத்தில் மாஸ்க் வைத்து மூச்சுக்குத் துணை செய்யும் மிஷினில் நான்கு நாள் கிடந்து, ஆதிகேசவன் தெளிந்தார். வீடு திரும்பும் முன் கிறிஸ்டினா சாவித்திரியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உன் வீட்டுக்காரர் அந்த ரூமுக்குள்ள கால் வெச்சா, நான் அன்னிக்கே போய்ட்றேன்."

"நீங்க இருங்கக்கா. அவர நான் பாத்துக்கறேன்," என்றாள் சாவித்திரி. சொன்னபடி செய்யவும் செய்தாள்.

அடுத்த வாரம் சோளிங்கரிலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கூடத்தில் கோபியின் குரல் கேட்டது. சரியான நேரத்தில் தான் கவனித்ததால்தான் மாமா பிழைத்தார் என்று விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஆதிகேசவன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"யாரும்மா அந்த ஆளு? ஓயாம பேசிக்கினு கீறான்?"

யாரென்று அவருக்கு நன்றாகவே தெரியும். கிறிஸ்டினா அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.