மாமா தராத மடி

ரங்கூனில் கைலி வியாபாரம் செய்துவந்த அப்பா, கடையை மூடிவிட்டுக் குடியாத்தம் திரும்பியபோது, பெற்றோரை இழந்த மியா என்னும் நான்கு வயதுப் பர்மியச் சிறுமியைத் தம் மகளாக அழைத்துவந்தார். முதல் மூன்று மாதங்கள் நான் அவளிடம் ஒட்டவே இல்லை. வேலூர்க் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாடப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டேன். வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

மியாவுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். நகை செய்யும் பத்தர் ஊசியுடன் காத்திருந்தார். மாமாவோ மணையில் உட்கார மறுத்தார்.

“யார் பெத்த புள்ளையோ! எம் மடி இன்னா சத்திரமா?”

உறவினர்கள் சிரித்தார்கள். அம்மா தலைகுனிந்தாள். மொழி புரியாத மியா, அவர்களைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. நானே மணையில் அமர்ந்து அவளை மடியில் இருத்திக்கொண்டேன்.

“குத்துங்க பத்தரே.”

“கண்ணாலம் ஆவாத பொண்ணு மடியிலயா? இன்னாடி இது புதுசா?” என்று மாமா சீறினார்.

“இவ என் தங்கச்சி, மாமா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பத்தருக்கு வெளிச்சம் மறைக்குது.”

ஊசி இறங்கியதும் மியா வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமா சாப்பிடாமலே போய்விட்டார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இன்றும் தூது வருகிறது. கேட்க மாட்டேன். அந்தக் கூடத்தில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது ஒருத்தியிடம்தான், அவளிடம் கேட்டுவிட்டேன்.