விளையாடாத இறுதியாட்டம்

ரக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டும். சுவிஸின் டீட்டிகோனில் பதினைந்து தமிழர் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் நிற்பதென்றால் அது செத்தவீடாக இருக்க வேண்டும். அதனால் அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பியைப் பிடித்தோம். ஸ்கொட்லாந்தில் ஒரு சிற்றூர் இறைச்சிக்கடைக்காரர் தொடங்கியதாம் அது. பிறகு பக்கத்து ஊர்களும் ஊருக்கொரு போட்டி வைத்தனவாம். அதைப் படித்தபோது, இதற்குமா ஊருக்கு ஊர் போட்டி என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தொடங்கியது நானும் என் கூட்டாளியும். கொழும்பில் ஒரே பள்ளிக்கூடத்தில் ரக்பி பழகியவர்கள். அவன் இப்போது துன்னில் ஏரிக்கரை ஹோட்டலில் சமையல்காரன். எனக்கு டீட்டிகோனில் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை. பள்ளிக்கூடத்தில் அவன் பந்தோடு ஓடுவான், நான் பின்னால் ஓடி, எட்டாமல், திரும்பி வருவேன். ஒருமுறையாவது அவனுக்கு எதிரணியில் நின்று அவனை மடக்கி விழுத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. மற்றவர்களுக்குத் தமிழ் இளைஞர் ஒற்றுமை என்று சொல்லி வைத்தேன்.

முதல் போட்டியை டீட்டிகோனில் நடத்தினேன். எங்கள் ஊர், துன், ஃப்ரிபூர்க் என்று மூன்று அணிகள். நாங்களும் துன்னும் இறுதியாட்டத்துக்கு வந்தோம். மைதானம் ஐந்து மணி வரைக்கும்தான். பாதிக்கு ஏழு நிமிடம், ஆட்டத்துக்குக் கால்மணி நேரம் போதும். அந்தத் துணிச்சலில் இறுதியாட்டத்துக்கு முன் சிறப்பு விருந்தினரைப் பேச அழைத்தேன். ஒருவரை அழைத்தால் மற்றவர் கோபிப்பார் என்பதால் ஐந்து பேர். மங்கள விளக்கைக் காற்று மூன்று தரம் அணைத்தது. பிறகு பொன்னாடைகள். ஐந்தாமவர், முட்டை வடிவப் பந்து தமிழனுக்குப் புதிதல்ல என்று தொடங்கியபோது நாலு நாற்பது.

கூட்டாளி கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடாக்கியபடியே வந்தான்.

“மச்சான், அந்த மனிசனிட்ட இருந்து மைக்கை வாங்கு.”

“வாங்கினா கோவிப்பார்.”

“நாங்கள் விளையாட வந்தனாங்களோ, பேச்சுக் கேக்க வந்தனாங்களோ?”

“அஞ்சு நிமிசம் பொறு.”

ஐந்து மணிக்கு மைதானக் காவலர் வந்தார். அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினோம். நன்றி சொல்லிவிட்டுப் போய், புல்லுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

நனைந்தபடி நான் மைக்கைப் பிடித்து, வெற்றிக் கிண்ணம், போட்டியை நடத்திய ஊருக்கே என்று அறிவித்தேன். பகிடிக்குத்தான், எல்லாரும் சிரிக்கட்டுமே என்று. ஆனால் எங்கள் பெடியள் கைதட்டிக்கொண்டு வந்து கிண்ணத்தைத் தூக்கிவிட்டார்கள். பகிடி என்று நான் திருத்தவில்லை. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டாளி பூட்ஸோடேயே ரயிலேறினான்.

அடுத்த வருடம் துன் தனிப் போட்டி வைத்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஃப்ரிபூர்க்கும் ஒன்று வைத்தது. கோயில் திருவிழா இல்லாத ஞாயிறு ஒன்றுதான் என்பதால் மூன்றும் ஒரே நாள். ஊருக்கு ஊர் போட்டி. ஊருக்கு ஊர் எதிரணி இல்லை. எங்கள் ஆட்களையே இரண்டாகப் பிரித்து, எங்களை நாங்களே வென்று, எங்களுக்கு நாங்களே பொன்னாடை போர்த்தினோம். ரக்பி பரவிவிட்டது என்று நன்றியுரையில் சொன்னேன்.

பிறகு ஒருவனுக்கு முழங்கால் போனது, இன்னொருவனுக்கு வேலை நேரம் மாறியது. இங்கே பிறந்த பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிக்குப் போனார்கள். இந்தக் கோடையோடு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி டொக்டர் எனக்கும் சொல்லிவிட்டார். ஆறு வருடத்துக்குப் பிறகு, போன மாதம், அவனுக்கு அழைத்தேன்.

“உன்னட்ட எத்தினை பேர் இருக்கினம்?”

“மூண்டு. உன்னட்ட?”

“நாலு.”

அவன் கூட்டிப் பார்த்தான். “சேத்தா ஒரு டீம் மச்சான். ஆரோட விளையாடுறது?”

“நாலுக்கு மூண்டு விளையாடுவம். நீ இங்க வாவன்.”

“ஏன், நீ துன்னுக்கு வரமாட்டியோ?”

வாறன் என்று சொல்லியிருக்கலாம். ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம்.

“கமிட்டியில கேட்டுச் சொல்லுறன்” என்றேன்.

“ஓம். நானும் எங்கட கமிட்டியோட கதைக்கிறன்.”

எங்கள் கமிட்டியில் நான் மட்டும்தான் மிச்சம். அவனுடையதிலும் அவன் மட்டும்தானாம். இரண்டு கமிட்டியும் இன்னும் கூடவில்லை. கோடை முடிகிறது.