பத்தாயிரம் அடியில் ஒரு மூச்சு

மார்ச் மாதக் காலை. ரங்கூனில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் டாக்ஸி ஏறும்போதே முதுகு நனைந்துவிட்டது. என் மடியில் கிடந்த கம்பளிச் சட்டையைப் பார்த்த ஓட்டுநர், எங்கே பயணம் என்று விசாரித்தார். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார். மலை என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

பாங்காக், டோக்கியோ வழியாக டென்வரில் இறங்கினேன். தம்பி செல்வம் காருடன் காத்திருந்தான். டென்வர் கடல்மட்டத்துக்கு 5,280 அடி மேலே, சரியாக ஒரு மைல். அவன் ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் லெட்வில் பத்தாயிரம் அடியையும் தாண்டியது. நூறு மைல் ஏறவேண்டும். கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம் என்றான். பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் இங்கே ஐம்பதுக்கும் அதிகமாம்.

"நம்ம பர்மாவுல இருக்கிற ககபோராசி மலை இதெல்லாத்தையும்விட உசரம்டா."

"அங்க கார்ல போக முடியுமாக்கா?"

கார் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்தது. எங்கள் தலைக்கு மேலிருக்கும் முகட்டில் மேற்கே விழும் மழை பசிபிக் பக்கம் ஓடும், கிழக்கே விழுவது அட்லாண்டிக் பக்கம் ஓடும் என்றான். ஒரே மேகத்தின் தண்ணீர் இரண்டு கடலுக்குப் பிரிவதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவன் மனைவி மா சூ குழந்தையை என் கையில் கொடுத்தாள். அதன் மூக்கில் மெல்லிய குழாய்; மறுமுனை உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தில். குழாய் இழுபட்டுவிடுமோ என்று அப்படியே அசையாமல் நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்க மமா," என்றாள். மமா என்றால் பர்மியத்தில் அக்கா. "இந்த ஊர்ல பொறக்கிற பிள்ளைங்க நெறையப் பேர் இப்படித்தான் வீட்டுக்கு வருது. காத்து கம்மி."

காற்று மட்டுமா? தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நான் வைத்த பருப்பு மதியம்வரை கல்லாகவே கிடந்தது. மாடிப்படி ஏறினால் ஷ்வேடகோன் பகோடாவின் படிகளை ஓடி ஏறியதுபோல மூச்சு வாங்கியது.

கீழே குடிபோனால் குழந்தைக்குக் குழாய் சீக்கிரம் தேவைப்படாமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மா சூவுக்கு டென்வரில் சித்தி மகள் இருந்தாள். போய்விடலாம் என்பது இவள் கட்சி. செல்வம் பிடிகொடுக்கவில்லை. "வேலை இங்க இருக்கு. அங்க போயி என்ன செய்ய?"

நான்காம் நாள் காலை பனிப்புயலில் மின்சாரம் போனது. இயந்திரம் நின்றதும் வீட்டில் அப்படியொரு அமைதி. செல்வம் ஓடிப்போய் அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினான். மருத்துவருக்குப் போன் செய்தான். பாதை திறந்ததும் கீழே கொண்டுவந்துவிடுங்கள் என்றார் அவர்.

நண்பகலில் கிளம்பினோம். இந்த மலையில் இறங்குவதற்கு முதலில் ஏறவேண்டும். கணவாய் ஊரைவிட உயரம். குழந்தையின் காலில் கட்டிய கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் எண் தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது. கணவாயில் எண்பத்தொன்பதானது. மா சூ அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மருத்துவர் சொல்லியிருந்தபடி நான் சிலிண்டரின் திருகை ஒரு புள்ளி கூட்டினேன். எண் அசையவில்லை. அப்புறம் மெல்லத் தொண்ணூற்றொன்று.

"எவ்வளவுக்கா?" என்று செல்வம் கேட்டுக்கொண்டே ஓட்டினான். பனி குறைந்து, பைன் மரங்கள் குறைந்து, சமவெளி தெரிந்தபோது தொண்ணூற்றேழு என்றேன். அவன் ஓரமாகக் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டென்வர் ஆஸ்பத்திரியில் மறுநாள் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். குழந்தை தானாகவே மூச்சுவிட்டுத் தூங்கியது. கன்னத்தில் ஒட்டுப்பட்டையின் சிவந்த தடம் மட்டும் இருந்தது.

"நீயும் பிள்ளையும் சித்தி மக வீட்டுல இருங்க," என்றான் செல்வம் மா சூவிடம். "நான் மேல போயி வேலையைப் பாக்கறேன். கீழ ஒரு வேலை கெடைக்கிறவரைக்கும் லீவு நாள்ல எறங்கி வர்றேன்."

மா சூ சித்தி மகளுக்குப் போன் போட்டாள்.

ரங்கூன் திரும்பும் நாளில் விமானம் எழுந்ததும் ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரமும் வெள்ளை முகடுகள். எங்கள் ஊரில் இப்போது கைவிசிறியோடு வாசலில் உட்கார்ந்து, காற்றே இல்லை என்று எல்லாரும் குறைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த முகடுகளுக்கு நடுவே எங்கோ தம்பி தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருப்பான். எந்த மடிப்பில் என்று எனக்குப் பிடிபடவில்லை.